புகையை முகர்ந்தவர்

வண்டி வெடிக்கப் போகிறது என்றே நம்பினேன். பின்னால் கரும்புகையைக் கண்டதும், தன் தம்பி கல்யாணத்துக்கு மதராஸ் ரயிலைப் பிடிக்க வேண்டிய மனைவியைக் காரிலேயே விட்டுவிட்டுக் குதித்து ஓடினேன்.

மௌலா அலி பகுதியின் சாலையோரப் பட்டறை ஒன்றிலிருந்து மருதாணித் தாடியோடு மெக்கானிக் வந்தார். பானட்டைத் தொடவில்லை. புகைக்குழாயருகே குந்தி, கண்ணை மூடி, அத்தரை முகர்வதுபோல் புகையை முகர்ந்தார்.

“வெடிக்குமா பாய்?”

“நக்கோ டரோ சாப், பயப்படாதீங்க. பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி.”

“ரயில் போச்சுன்னா நான் வெடிப்பேன்” என்றாள் மனைவி.

அவர் ஜன்னலுக்குள் கைவிட்டு, ஊறுகாய்ப் பையை எடுத்து என்னிடம் நீட்டினார். “யே கைக்கு இங்க?” இது ஏன் இங்கே தொங்குகிறது என்று கேட்டார்.

அந்த மூக்கை நினைத்து இன்றும் வியக்கிறேன். ரயில் கிடைத்தது. காலையில் வண்டியைக் கிளப்ப இழுத்த, காற்றைக் குறைக்கும் சோக் குமிழை நான் உள்ளே தள்ளவேயில்லை, அவர்தான் தள்ளினார்; அதில்தான் பையை மாட்டியிருந்தேன்.