ஆளில்லாமல் கிடந்ததாம்

ஜெர்மனியில் நாங்கள் முதலில் இருந்த மாவட்டத்தின் பழைய கட்டடங்களை என்னைப்போல் அறிந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களிலும் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. கொலோனில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போவதென்றாலும் அரசாங்கக் கந்தோரில் அனுமதிக் கடதாசி எடுக்கவேண்டும், பெரும்பாலும் தரமாட்டார்கள். ஆகவே அப்பா ஞாயிறுதோறும் எங்களை நடத்திக் கூட்டிப்போய் இடிந்த கோட்டையைக் காட்டினார், ஆற்றங்கரை மாவாலையைக் காட்டினார், கொள்ளைநோய்க் காலத்தில் கட்டிய சின்னத் தேவாலயத்தைக் காட்டினார். வேறெங்கும் போகமுடியாதவன் இருக்கிற இடத்தையாவது வடிவாகப் பார்க்கவேண்டும் என்பார். அப்போது எனக்கு ஏழு வயது. கோட்டை அலுத்துப்போய் எத்தனையோ ஞாயிறு அழுதிருக்கிறேன்.

நாங்கள் குடியிருந்ததும் ஒரு பழைய கட்டடம்தான். வியாபாரம் படுத்துப்போன சத்திரம். மரச்சட்டங்களுக்கு நடுவே மண் பூசிய சுவர்கள், மேல்மாடியில் நாலு அறைகள், அறைக்கொரு குடும்பம், எல்லோருக்கும் சமைக்க ஒரே குசினி. குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஈரம் கசியும். அந்த வீட்டை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனால் நாலு வருடம் அதற்குள் இருந்தோம். தங்கச்சி பிறந்ததும் அந்தக் காலத்தில்தான்.

போன செப்டம்பரில், நாடெங்கும் பழைய கட்டடங்களைத் திறந்து காட்டும் நாளில், அந்தச் சத்திரமும் பட்டியலில் இருந்தது. இப்போது அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட சின்னமாம். அப்பா இப்போது உயிரோடு இல்லை. அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கொலோனிலிருந்து போனேன்.

சுற்றிக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்காரர். நல்ல மனிதர்தான். சத்திரக்காரரின் பரம்பரை, எந்தச் சன்னலை எப்போது மாற்றினார்கள், கதவின் பூட்டு எங்கே செய்தது, எல்லாம் சொன்னார். கடைசியில், "பிறகு சத்திரம் மூடப்பட்டது. எங்கள் சங்கம் மீட்கும்வரை பல வருடம் ஆளில்லாமல் கிடந்தது" என்றார். வாசலில் மாட்டப்போகும் பலகையின் மாதிரி மேசையில் இருந்தது. அதிலும் அதே வசனம்.

நாலு குடும்பத்தின் சமையலும் சண்டையும் காய்ச்சலும் நடந்த வீடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மனிதர் படியேறத் தொடங்கினார். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. வாயைத் திறக்கமுன் அம்மா கையில் கிள்ளினார்.

"வந்த இடத்தில வாயைக் குடுக்காதை, பிள்ளை. பாத்திட்டுப் போவம்."

மேல்மாடியில் கடைசியாக எங்கள் அறை. கைக்கெட்டும்படி பதிந்த விட்டத்தில் ஒரு இரும்புக் கொளுக்கி இருந்தது. ஆசிரியர் அதைக் காட்டி ஏதோ விளக்க, வந்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவருடைய ஜெர்மன் பேச்சின் வேகம் அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

"என்னவாம்?"

"பண்டியை வெட்டிப்போட்டு அதில தூக்கினவையாம், அம்மா."

அம்மா முட்டை பொரித்த சட்டியில் தோசை சுடாதவர். அந்தக் கொளுக்கியோ அப்பா போட்டது. பக்கத்துப் பண்ணையில் மரத்தில் துளைபோடும் துறப்பணம் இரவல் வாங்கிவந்து, தங்கச்சிக்குச் சேலையால் ஏணை கட்டப் போட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஏணையை ஆட்டுவது என் வேலை.

"என்ர பிள்ளை படுத்த இடத்திலயோ பண்டி?"

நான் மொழிபெயர்க்கும்வரை அம்மா காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலைசெய்து பழகிய ஜெர்மனோடு, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். "பன்றி இல்லை. குழந்தை. என் குழந்தை. என் கணவர் போட்டது. நாலு வருடம் நாங்கள் இங்கே." சொல்லிக்கொண்டே கழுத்துச் சால்வையைக் கழற்றிக் கொளுக்கியில் மாட்டி, இரண்டு தலைப்பையும் சேர்த்து முடிந்தார்.

ஆசிரியர் பதறிவிட்டார். "தயவுசெய்து தொடாதீர்கள். இது பாதுகாக்கப்பட்ட பொருள்."

"ஆம். நல்லது. பாதுகாக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா முடிச்சை இன்னும் இறுக்கினார். என்னைக் கிள்ளிய கை அதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பிறகு நான் பேசினேன், இருந்த அத்தனை கோபத்தோடும்.

நாங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று ஆசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார். இந்த நாட்டில் வாயை நம்பமாட்டார்கள், கடதாசியைத்தான் நம்புவார்கள். அது எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சத்திரத்து முகவரியில் எங்கள் நால்வரையும் பதிந்த கடதாசியை அம்மா இன்னும் வைத்திருந்தார். பிரதி எடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பலகையின் புது மாதிரி வந்தது. 'ஆளில்லாமல்' போய்விட்டது. 'சில காலம் அகதிகள் தங்கவைக்கப்பட்டனர்' என்று இருந்தது. பன்றியும் போய்விட்டது, 'விட்டத்திலுள்ள கொளுக்கியின் பயன்பாடு அறியப்படவில்லை' என்று இருந்தது.

தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பரவாயில்லையம்மா, அரைவாசி வெண்டிட்டம்" என்றேன்.

"ஆருக்குத் தெரியாதாம்?"

"சங்கத்துக்கு."

"அப்ப அந்த மனிசனைச் சந்திக்க நாள் கேட்டு ஒரு டெர்மின் எடு. நானும் வாறன். தங்கச்சியையும் லீவு போடச் சொல்லு. ஏணையில படுத்தவளே வந்து சொல்லட்டும்."