ராடைத் தொட்ட கை

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஐந்து பேரில் ஒன்றுகூடப் பசி என்று அடுத்த வீட்டு வாசலில் நின்றதில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன். எழுத்து எனக்குப் பெரிதாக வராது. பஸ் நம்பர் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். முதியோர் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்த தயவில் எழுத்துக் கூட்டி எழுதுவேன். இந்த நோட்டில் ஒரு பக்கம் நிரம்ப இரண்டு நாள் ஆகிறது. ஆகட்டும். என்னை யாரும் துரத்தவில்லை.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கூடை சுமந்தேன். படகில் வந்த மீனை ஏலம் போடும் இடத்துக்கும், அங்கிருந்து வண்டிக்கும் கொண்டு போவது வேலை. மீனும் ஐஸும் நிறைந்த கூடையை ஒருத்தி தானாகத் தலைக்கு ஏற்ற முடியாது. சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி நிற்பாள். பக்கத்தில் யார் இருந்தாலும் ஓடிவந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அதற்குக் கை கொடுப்பது என்று பேர். வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம். ஒருத்தி சுமையோடு தடுமாறுவதைப் பார்த்தும் சும்மா நின்றவளை மறுநாள் அங்கே எவரும் மதிக்க மாட்டார்கள். குழாயடிச் சண்டையில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவள் ஒருத்தி இருந்தாள். நான்கு வருஷம் நாங்கள் பேசவில்லை. அந்த நான்கு வருஷமும் அவள் எனக்குக் கை கொடுத்தாள், நான் அவளுக்குக் கொடுத்தேன். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வோம்.

என் நடு மகள் பன்னிரண்டு வயதிலிருந்து லீவு நாட்களில் என்னோடு கூடை சுமந்தாள். அகலமான தோள். தூண் மாதிரி கால். தெருவில் அவளுக்கு 'லாரி' என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தத் தோளைப் பார்த்து வேறு மாதிரி பேசியவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஒருவர்தான். "இந்தப் பொண்ண வெயிட் தூக்க அனுப்புங்கம்மா. பொண்ணுங்களுக்கும் இப்ப போட்டி வெக்கிறாங்க. மாநில அளவுல ஒரு எடம் புடிச்சா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவர்மெண்டு வேலை கெடைக்கும்" என்றார். சுனாமிக்கு மூன்று வருஷம் முன்னால் அது. எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர் ஒருவரும் கிடையாது. தலையில் கூடை இல்லாமல் ஒருத்தியாவது போய்விட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஒரு ஆசைதான்.

ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அதுதான் ஜிம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் நடத்தினார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். மகள் மூன்று நாள் அங்கே போனாள். நான்காம் நாள் துணி துவைக்கும்போது பார்த்தேன், அவள் போட்டுப்போன பனியனில் வேர்வையே இல்லை.

"மூணு நாளா இன்னாடி பண்ணே அங்க?"

"மொத நாளு ஒரு கால் வெச்சதோட சரி. அப்பால உள்ளயே போவலமா."

"ஏன்?"

"எல்லாம் ஆம்பளைங்க. செவுரு பூரா கண்ணாடி. ஒருத்தன் நேரா பாத்தா தாங்கிக்கலாம். இது நாலு பக்கமும் கீது. எந்தப் பக்கம் திரும்புனாலும் எவனாவது என்னியே பாத்துகினு கீறான்."

மூன்று நாளும் ரயில்வே கேட் ஓரமாக ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

மறுநாள் துறைமுகத்திலிருந்து நேராகப் போனேன். ரயில்வே கேட்டில் நின்றவளைக் கூட்டிக்கொண்டு போய், கூடையை வாசலில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரும்புச் சத்தம் நின்றுபோனது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். உட்கார்ந்தால் தேவலை என்று தோன்றியது. நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது, உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அது படுத்துக்கொண்டு இரும்பு ராடு தூக்குகிற பெஞ்சு என்று எனக்கு எப்படித் தெரியும்?

"யக்கா, இன்னா பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சியா? எந்திரி" என்றான் ஒரு தடியன். கப்பல் சரக்கு இறக்குகிறவன், கழுத்து என்று ஒன்றே இல்லாதவன். "மீன் வாடை தாங்கல நைனா. எவனாவது ஊதுவத்தி கொளுத்துங்கடா."

"உங்க வூட்டு மீன் கொயம்புல மட்டும் மல்லிப்பூ வாடையா வருது?" என்றேன். மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை அவனைப் பார்த்து.

மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இங்க பொண்ணுங்களுக்கு எடம் இல்லமா. பசங்க அரை டவுசரோட கீறானுங்கோ. நாளிக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா எனக்குத்தான் பேஜாரு. கூட்டிகினு போ."

"ஒண்ணும் ஆவாது மாஸ்டரே. நானும் கூடவே குந்திக்கிறேன்."

"நீ குந்திகினு பாத்தா இவனுங்க எப்புடிமா தூக்குவானுங்கோ?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தடியன் அந்தப் பெஞ்சில் படுத்தான். எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றே ராடில் இன்னும் இரண்டு எடைப் பிளேட்டு ஏற்றிக்கொண்டான். நான்கு தடவை தூக்கினான். ஐந்தாவது தடவை ராடு நெஞ்சில் இறங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கால் உதைத்தது, முகம் கறுத்தது. மற்றவர்கள் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, அவனை யாரும் பார்க்கவில்லை. என் கால் தானாக ஓடியது. ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை என் மகள் பிடித்தாள். கூடை ஏற்றுகிற மாதிரியே ஒரே மூச்சில் தூக்கித் தாங்கியில் வைத்தோம்.

அவன் எழுந்து உட்கார்ந்து இருமினான். "வாடை போச்சா?" என்று கேட்டேன்.

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "தூக்க சொல்லோ முதுகு வளையவே இல்லியே பாப்பா. யாரு சொல்லிக் குடுத்தது?" அவள் வாசலில் இருந்த கூடையைக் காட்டினாள். அவர் கூடையையும் அவளையும் பார்த்தார். "மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலு வரிக்கும் வா. அப்ப பசங்க வர மாட்டானுங்கோ. நீயும் வாமா. ஆனா பெஞ்சில குந்தாத."

அந்த ஷெட்டில் மத்தியான வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் வராத நேரம் அது ஒன்றுதான், அதனால் எங்களுக்குக் கிடைத்தது. விளையாட்டு டீச்சர் பள்ளிக்கூடத்தில் பேசி மத்தியானம் அவளை அனுப்பிவிட்டார். மகள் அண்ணனுடைய டவுசரைப் போட்டு அதன்மேல் சுடிதாரும் போட்டுக்கொண்டு வருவாள். முதல் மாதம் முழுவதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தூக்கினாள். முதல் தடவை ராடைக் கீழே போட்டபோது ஷெட்டே அதிர்ந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "போடுறதுக்குத்தான் கீழ ரப்பர் விரிச்சி வெச்சிகீறேன், வெளிய வா" என்று மாஸ்டர் கத்தினார். நான் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, பூண்டு உரித்தபடி உட்கார்ந்திருப்பேன்.

பிறகு மூன்று பெண்கள் வந்தார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி. வண்ணாரப்பேட்டையில் பேக்கரி வைத்திருந்த பாயின் மகள் ஒருத்தி, தலைத்துணியும் முழுக்கைச் சட்டையுமாக. எம்.கே.பி. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் முதல் நாள் வாசலோடு நின்றுவிட்டாள். என் மகள்தான் போய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வருவாள். "உள்ள வாடி, கண்ணாடி ஒண்ணும் கடிக்காது." நான் பூண்டு உரிப்பதை விட்டுவிட்டு அவளையே பார்ப்பேன். அந்தத் தடியன்கூடத் வெயிட் தூக்கும்போது இடுப்பில் கட்டும் தன் பழைய தோல் பெல்ட்டை ஒருநாள் கொண்டுவந்து, "லாரிக்குக் குடு யக்கா" என்று என்னிடம் நீட்டினான்.

மாஸ்டர் ஒரு தடவை எனக்குச் சொல்லியிருந்தார். "போட்டியில ராடு மேல இருக்க சொல்லோ வேற யாரும் தொடக் கூடாதுமா. தொட்டா கணக்கில்ல." நான் பூண்டு உரித்துக்கொண்டே சரி என்றேன்.

மாநிலப் போட்டி நகரத்தின் நடுவில் ஒரு கல்லூரிக் கூடத்தில் நடந்தது. உடம்போடு ஒட்டிய உடுப்பு போட வேண்டும். வீட்டில் அதைப் போட்டுப் பார்த்து அழுதவள், அன்றைக்குத் தானாகவே போட்டுக்கொண்டு, இருநூறு பேர் பார்க்க நேராக நடந்து மேடைக்குப் போனாள். ரயில்வே கேட்டில் நின்றவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம். நான் பக்கத்தில் இருந்தால்தான் தைரியம் என்று அவள் சொன்னதால், தண்ணீர் பாட்டிலும் கைக்குப் பூசும் வெள்ளைப் பவுடருமாக மேடை ஓரத்தில் என்னை நிற்க விட்டிருந்தார்கள்.

முதல் வகையில் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேலே போக வேண்டும். அதை நன்றாகவே தூக்கினாள். இரண்டாவது வகையில் முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே. மூன்று வாய்ப்பு. ஒன்றாவது ஏறியாக வேண்டும், இல்லையென்றால் முதல் வகையில் தூக்கியதும் வீண். முதல் வாய்ப்பில் ராடு பின்னால் போய் விழுந்தது. இரண்டாவதில் முழங்கை மடங்கிவிட்டது என்று சிவப்பு விளக்குப் போட்டார்கள். "இது ஏறிச்சின்னா ரெண்டாவது எடம், வேலை லிஸ்டுல பேரு வந்துரும்" என்று மாஸ்டர் என் காதில் சொன்னார்.

மூன்றாவது. தோளுக்கு வந்தது. எழுந்து நின்றாள். மூச்சு வாங்கினாள். ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே போட்டு மேலே தள்ளினாள். ராடு தலைக்கு மேலே போனது. முன்கால் முட்டி ஆடியது. ராடு இடது பக்கம் சாய்ந்தது.

கையிலிருந்த பாட்டில் விழுந்ததுகூட எனக்குத் தெரியாது. மேடை ஒரு சாண் உயரம்தான். ஏறினேன். ராடின் இடது முனையில் கை வைத்தேன்.

மூன்று விளக்கும் சிவப்பு. அவள் உடனே கீழே போடவில்லை. இரண்டு காலையும் சேர்த்து, ராடோடு நிமிர்ந்து நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் போட்டாள்.

"இன்னாமா பண்ணே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மாஸ்டர் நடுவர்களின் மேசை ஒவ்வொன்றாகப் போய்க் கும்பிட்டார். விதி என்றால் விதி என்றார்கள். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷப் போட்டிக்கு மாஸ்டர் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "அம்மா வூட்ல இருந்தா நான் போறேன் மாஸ்டர்" என்றாள் மகள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. "அன்னிக்கி உன் கயுத்து ஒடியாம காப்பாத்துனவ நானு. நான் தப்பு பண்ணிட்டேன்னு மாஸ்டர் எதுர்ல சொல்லிக் காட்றியா? நான் இல்லாம நீ எங்கியும் போவத் தேவல" என்றேன். மறுநாள் விடியும்முன் என் சும்மாட்டை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். மற்ற மூன்று பெண்களையும் அவரவர் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். லாரிக்கே கிடைக்காத வேலை இவளுக்கா கிடைக்கப் போகிறது என்றார்களாம். மழைக்காலம் வருவதற்குள் மத்தியானத்தில் ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. நிஜ லாரிகள்.

அவளை அத்திப்பட்டில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை கெட்டவன் இல்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பலில் செங்கல் அறுக்கும் இடத்தில் அவளும் சுமக்கிறாள். காலையில் துடைத்த பாத்திரம் மத்தியானம் சாம்பல் படிந்து கிடக்கும் ஊர் அது. நாற்பது வயதுக்குள் முழங்கால் போய்விட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவாள், சமைத்துப் போடுவாள், நன்றாகப் பேசுவாள். சிலிண்டர் மாற்ற வேண்டியிருந்தால் தானே தூக்கி வருவாள். பழக்கத்தில் நான் கையை நீட்டினால், "நீ தொடாத" என்பாள். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு வார்த்தைதான். அதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். ராடு சாய்ந்துவிட்டது, நான் பிடிக்காவிட்டால் கழுத்து முறிந்திருக்கும் என்று. அது பொய். சாய்ந்தது உண்மை. சாய்ந்த ராடு நிமிர்ந்தும் விட்டது. நான் மேடையில் கால் வைக்கும்போதே அவள் முழங்கை இரண்டும் பூட்டுப் போட்ட மாதிரி நேராக இருந்தன. நான் பார்த்தேன். பார்த்த பிறகும் என் கை நிற்கவில்லை.

இதை எழுதுவதால் அந்த லிஸ்டில் அவள் பேர் வரப்போவதில்லை. முழங்காலும் வராது. நேரில் சொல்ல எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து, குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லி மூடியிருக்கிறேன். அவள் மகள் படிப்புக்காக என்னோடு தங்கியிருக்கிறாள். அவளுக்கும் அதே தோள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நோட்டை அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.

வா கண்ணு, இந்த நோட்ட மொதல்லேர்ந்து படி. எழுத்து தப்பா இருந்தா திருத்திக்கோ. கடைசியில முழங்கைன்னு வர்ற எடத்துல மட்டும் ஒண்ணும் திருத்தாத. அத கொஞ்சம் சத்தமா படி. உங்கம்மா உள்ள சிலிண்டர் மாட்டிகினு கீறா.