சுவருக்கு அந்தப் பக்கத்து வயலின்

ராசாத்தி தூக்கி வந்த பழைய ப்ரீஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழைத் திருப்பினேன். கரகரவென்றது. அட்டனில் என் ரிப்பேர் கடைக்குள் இருந்தவள் அந்தச் சத்தத்தில் நான் வளர்ந்த வட்டகொடை தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டுக்கே போய்விட்டேன்.

அங்கே எங்கள் காம்பராவுக்கும் ராசாத்தியின் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர். தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை மாற்றலாகிப் போனபோது, இந்த ப்ரீஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து விற்ற ஸ்டீரியோவை அவளுடைய அப்பா வாங்கியிருந்தார். அதன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளில் ஒன்று எங்கள் சுவரோரம் இருந்தது. சாயந்திரம் ஈர விறகின் புகையில் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருக்க, இதே கரகரப்பு கேட்கும். ஓடிப்போய்ச் சுவரில் காதை வைப்பேன். குரலும் தபேலாவும் வரும். பஜார் கடையில் அதே பாட்டில் கேட்ட வயலின் மட்டும் வராது.

"வயலினு அடுத்த பெட்டியில இருக்கும். அது அவங்களுக்கு" என்றார் அம்மா. அன்றிலிருந்து ராசாத்தியைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

இப்போது அந்தப் பாட்டையே போட்டு, உள்ளே வரும் வயர்களை இடம்மாற்றிப் பார்த்தேன். அப்போதும் இடப்பக்கம் ஊமைதான். கோளாறு உள்ளேதான்.

"எப்பருந்து இப்பிடி?"

"வாங்குனதுலருந்தேக்கா. வெளிய சொன்னா லயமே சிரிக்கும்னு அப்பா எங்க வாய அடைச்சிட்டாரு."

அப்படியென்றால் அவளும் நான் கேட்டதைத்தான் கேட்டிருக்கிறாள். வயிறு குளிர்ந்துபோயிற்று. விட்டுப்போயிருந்த ஈயப்பற்றைத் தேடிப் பிடித்துச் சூடு வைத்தேன். இடப்பக்கத்திலிருந்து வயலின் எழுந்தது. ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

சட்டென்று பாட்டை நிறுத்தினேன்.

"நாளைக்கு வந்து எடுத்துக்க. இன்னும் கொஞ்சம் பாக்கணும்."

பார்க்க ஒன்றுமே இல்லை. அந்த வயலின் இன்று ஒரு ராத்திரி எனக்கு.