நான் மூடிய வெட்டு

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு வடிவாய்க்கால் கரை. ஐப்பசி மழை சற்று விட்டிருக்கிறது. சென்னையிலிருந்து வந்த எங்கள் சைக்கிள் குழுவினர் எட்டுப் பேரும் காலையிலிருந்து முள்ளை வெட்டி, பள்ளங்களை மண் போட்டு மூடுகிறோம். வேலை முடிந்ததும் இதே கரையில் ஓட்டப்போகிறோம்.

வயலிலிருந்து ஒருவர் சேற்றுக் காலோடு வேகமாக வருகிறார்.

“இந்த வெட்ட மூடுனது யாருங்க?”

“நான்தாங்க. பள்ளம்னு நெனச்சுட்டேன்.”

“வயல் தண்ணி இது வழியாத்தாங்க வடியணும். நட்டு நாலு நாள்தான் ஆவுது, பயிரு அழுவிப் போயிடும்.”

இந்தக் கரையில்தான் ஆறு வருடம் பள்ளிக்கூடம் போனேன். மழைக்காலத்தில் இந்த வெட்டு வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டுவேன். யாராவது இதை மூடித் தொலைக்கக் கூடாதா என்று தினமும் திட்டுவேன். இது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மண்வெட்டியால் நானே திறந்துவிடுகிறேன். தண்ணீர் மடமடவென்று வாய்க்காலில் இறங்குகிறது.

பிறகு ஓட்டுகிறோம். கியர் சைக்கிள்களின் சக்கரங்கள் சேறு அப்பிச் சுற்ற மறுக்கின்றன. இருவர் விழுந்து சிரிக்கிறார்கள். வெட்டின் முன்னால் எல்லோரும் திகைத்து நிற்க, நான் இறங்கி சைக்கிளைத் தோளில் ஏற்றுகிறேன். சக்கரத்துச் சேறு முதுகில் வழிகிறது. போட்டிருப்பது கறுப்பு டிஷர்ட். ஆனாலும் யூனிஃபார்ம் வெள்ளைச் சட்டை போச்சே என்று ஒரு கணம் பதறுகிறேன்.