தொரட்டியில் மாலை போட்ட தாய்மாமன்

காத்தமுத்து போய்விட்டார் என்று என் மகள் சுகந்தி ஃபோனில் அழுதபோது நான் எஹலியகொடையில் லொறிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "உங்க மாமாவுக்கு ரிசல்ட் வந்திருச்சாமா?" என்று கேட்டேன். டயர் கடைக்காரர் ஏதோ ஆஸ்பத்திரி விஷயம் என்று நினைத்து வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். "அப்பா, இன்னைக்குமா?" என்றாள் சுகந்தி. ஆமாம், இன்றைக்கும்தான். அவளுடைய கல்யாணம் முடிந்த கையோடு வந்த சண்டையிலிருந்து நான் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. செத்துவிட்டார் என்பதற்காகச் சட்டென்று நல்லவனாக மாற எனக்கு வராது.

கருமாதிக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் மச்சான் முறை, ஒரு பக்கம் எழுதுங்கள் என்று அவர் வீட்டில் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்றாலும் எழுத்தில் என்னை மிஞ்ச நம் தோட்டத்தில் ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு தங்கம், ஒரு மாணிக்கம் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கத்துக்குப் பஞ்சமா? நான் உள்ளதை எழுதுகிறேன்.

உள்ளது என்னவென்றால், காத்தமுத்து ஒரு பயந்தாங்கொள்ளி. என் மனைவி பாக்கியத்தின் அண்ணன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலை அளந்து வாங்குகிற பால் ஸ்டோரில் அவருக்கு வேலை. நானோ தோட்டத்து லொறி டிரைவர். பலாங்கொடை வளைவுகளை ஒரு கையால் ஒடித்து, இன்னொரு கையால் வெற்றிலை மடித்தவன். அந்த லொறியின் முன் சீட்டில் ஏற ஊரே அடித்துக்கொள்ளும். அவர் மட்டும் ஏற மாட்டார். "நீங்க போங்க மாப்ள, நான் நடந்து வந்திர்றேன்" என்பார். நான் டவுனில் சாப்பிட்டு, சவாரி பிடித்து, திரும்பி வரும்போது பாதி வழியில் குடையோடு எதிரே நடந்து வந்துகொண்டிருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் மேல் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சொல்லிக் கதவு கதவாகத் தட்டினார். பொழுது சாயும் முன்னே எல்லோரையும் பாயும் சட்டியுமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார். அந்த வெடிப்பை நானும் போய்ப் பார்த்தேன். கோழி கிளறிய பள்ளம் அதைவிட ஆழமாக இருக்கும். மலை விழவில்லை. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள். ஊரே சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன், என் சிரிப்பில் ரப்பர்க் காய்கள் மரத்திலேயே வெடித்தன. அதற்கு அவர், "விழலேன்னா சிரிச்சிட்டுப் போங்க மாப்ள. விழுந்திருந்தா சிரிக்க யாரு மிஞ்சுறது?" என்றார். இப்படி வாயை அடைக்கிற பேச்சு அவரிடம் நிறைய இருந்தது. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்காது.

இப்படிப்பட்டவர் கையில் கொரோனா கிடைத்தால் விடுவாரா? அரசாங்கம் ஊரடங்கு போட்டது ஒரு பங்கு என்றால், இவர் போட்டது மூன்று பங்கு. மேல் லயத்துக்கு ஏறுகிற பாதையில் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி அதில் சிவப்புத் துணி தொங்கவிட்டார். வெளி ஆள் உள்ளே வரக்கூடாது, உள் ஆள் வெளியே போகக்கூடாது. மரக்கறி லொறி கம்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். நோட்டுக் காசைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்கிக் கொடியில் காயப்போட்டார். காற்றில் பறந்து போன நோட்டை அவர் துரத்திக்கொண்டு ஓடியதைத் தோட்டமே பார்த்தது.

கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். மூட வேண்டும் என்று ஒரு கட்சி, திறக்க வேண்டும் என்று ஒரு கட்சி. திறக்கிற கட்சிக்கு நான்தான் தலைவர். அன்றைக்கு நான் பேசிய பேச்சை மந்திரி கேட்டிருந்தால் நாடு முழுக்க ஊரடங்கைத் தூக்கியிருப்பார்.

"ஒரு மரத்துக்கு ஒரு ஆளு நின்னு பால் வெட்டுறோம். அந்தக் காட்டுக்குள்ள எந்த நோய் வழி கேட்டுக்கிட்டு வரப்போகுது?" என்று கேட்டேன். கைதட்டல் காதைப் பிளந்தது.

அவர் எழுந்தார். முகத்தில் இரண்டு மாஸ்க். "மரத்துக்கு மரம் தூரந்தான் மாப்ள. பால ஊத்துறப்போ எல்லாரும் ஒரே தொட்டிக்குள்ள தலைய விடுறீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

"ஒங்களுக்கு நோயப் பத்திப் பயமில்ல மச்சான். உசுரப் பத்திப் பயம்."

"ஆமா. ஒங்களுக்கு இல்லியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். என் கட்சியிலிருந்தே நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

பிறகு ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடத்தில் வேலை செய்த சின்னையாவுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு இழுத்து, ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. பெட்டியை மூடியே எடுத்துப்போனார்கள், முகம் பார்க்க விடவில்லை. அவருக்கு ஏற்கெனவே சீனி வருத்தம் இருந்தது என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். சுகாதாரப் பரிசோதகர், நம் பாஷையில் பி.எச்.ஐ. மாத்தயா, வந்து பால் ஸ்டோரில் சின்னையாவோடு நின்ற எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டார். காத்தமுத்து முதல் ஆளாக மூக்கைக் காட்டினார். ரிசல்ட் வரும்வரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். என்னையும் கீழ் லயத்தையும் விட்டுவிட்டார்கள்.

என் தலையில் இடி விழுந்தது அங்கேதான். சுகந்திக்குக் கல்யாணம் குறித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள். வீட்டு வாசலிலேயே, கொஞ்சம் பேரோடு நடத்தலாம் என்று அனுமதி வாங்கியிருந்தோம். கேகாலைப் பக்கம் போகிற பாதையை மறுபடி மூடப்போகிறார்கள் என்று வேறு பேச்சு. தள்ளிப்போட்டால் கல்யாணமே போய்விடும். ஆனால் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் நம் ஆட்களில் எந்தப் பெண் தாலிக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறாள்? மணவறைக்குப் போகிற வழியைத் திறக்க வேண்டியவரே வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் தினமும் பி.எச்.ஐ. மாத்தயாவுக்கு ஃபோன் அடித்தேன். என் சிங்களத்தைக் கேட்டால் கொழும்புக்காரனே மலைத்துப்போவான். அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "ஹெட்ட எனவா." நாளைக்கு வரும். அந்த நாளைக்கு வரவே இல்லை. கொழும்பில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறதாம், நம் தோட்டத்து மூக்குக்கு வரிசை வரவில்லையாம்.

கடைசியில் மேல் லயத்துக்குப் போய்க் கம்புக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். அவர் அவருடைய வாசலில் நின்றார். "காய்ச்சல் இருக்கா மச்சான்?" என்று கேட்டேன்.

"இல்ல."

"இருமல்?"

"இல்ல."

"பொறகு என்ன எழவுக்கு உள்ள ஒக்காந்திருக்கீங்க? வந்து மாலையப் போட்டுட்டுப் போங்க!"

"ரிசல்ட் வரட்டும் மாப்ள. சின்னையாவுக்கும் மொத நாளு ஒண்ணும் இல்ல. அவரத் தொட்ட கையோட நான் புள்ளயத் தொட மாட்டேன்."

பாக்கியம் என் பின்னால் நின்று, "அண்ணே, இப்படிப் பண்ணாதீங்கண்ணே" என்று அழுதாள். அவர் அசையவில்லை. நான் விடவில்லை. பாக்கியத்தின் பெரியப்பா மகன் ஒருவன் முறைக்கு இருக்கிறான், அவனை வைத்து முடிக்கலாம் என்றேன். சுகந்தி கேட்கவில்லை. "மாமா போட்டாத்தான் எனக்குக் கல்யாணம்" என்றாள். பிடிவாதத்தில் அவள் அப்படியே தாய்வீட்டு ரத்தம்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். ஐயர் நேரம் போகிறது என்கிறார். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அப்போதுதான் எங்கள் வாசலுக்கு மேலே இருக்கிற கல்லுக்கட்டில், பாதையோரமாக, காத்தமுத்து வந்து நின்றார். வெள்ளை வேட்டி, இரண்டு மாஸ்க், கையில் பலாக்காய் பறிக்கிற தொரட்டி. இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டிய கழி. ஒரு ரப்பர் மர உயரம் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்தேன், இரண்டு மர உயரம். நுனியில் இருக்கிற வளைந்த கத்தியில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அதில் மாலை தொங்கியது.

எனக்கு உச்சிக்கு ஏறியது. "பலாக்காய் பறிக்க வந்தீங்களா மச்சான்? எம் மக என்ன பலாக்காயா?" என்று கத்தினேன். தப்பு அடிக்கிறவர்கள் அடியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவர் கழியை மெதுவாக இறக்கினார். முதல் தடவை மாலை பந்தல் வாழைமரத்தில் மாட்டியது. இன்னும் சிரிப்பு. இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் உட்கார்ந்தது. சிரித்துச் சிரித்து ஐயருக்கே மந்திரம் மறந்துபோனது. சிரிக்காதது சுகந்தி மட்டும்தான். அவள் நடந்து போய் அந்தக் கழிக்கு நேர் கீழே நின்று தலையைக் குனிந்தாள். மாலை விழுந்தது. பிறகு அவள் துணி சுற்றிய அந்த நுனியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே கல்லுக்கட்டு ஓரமாகவே நடக்க, அவள் கீழே நடக்க, கழியைப் பிடித்தே மணவறை வரை கூட்டிக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் இதை ஃபோனில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எங்கே லொறியை நிறுத்தினாலும், "தொரட்டிக் கல்யாண வீட்டுக்காரரா?" என்று கேட்டார்கள். பலாங்கொடைச் சந்தையில் ஒரு மரக்கறிக்காரர் எனக்குப் பலாக்காயைச் சும்மா கொடுத்தார். இத்தனை வருடம் லொறி ஓட்டிச் சேர்த்த பெயர் இப்படிப் போனது.

ரிசல்ட் எப்போது வந்தது தெரியுமா? சுகந்தி மறுவீடு போய், விருந்தெல்லாம் முடிந்து, பந்தல் கம்பு விறகான பிறகு. ஒன்றுமில்லை என்று வந்தது. நான் மேல் லயத்துக்கே போய் எல்லோர் காதும் கேட்கச் சொன்னேன்: "ஒண்ணுமில்லையாம் மச்சான்! ஒண்ணுமில்லாததுக்குத்தான் எம் மகளுக்குத் தொரட்டில மாலை போட்டீங்க!"

அவர் மாஸ்க்கைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப சந்தோசந்தானே மாப்ள" என்றார்.

சந்தோஷமாம். சண்டைக்குப் போன மனிதனுக்கு அப்படியா பதில் சொல்வது? அன்றைக்குத் திரும்பியவன் அவர் வாசலுக்குப் போகவில்லை. பாதையில் எதிரே வந்தால் ஹார்னை அழுத்திக்கொண்டே தாண்டிப் போவேன். அவர் ஓரமாக ஒதுங்கிக் குடையைச் சாய்த்துக்கொள்வார்.

இவ்வளவு பயந்தவருக்குச் சாவு எப்படி வந்தது? மலை விழுந்து அல்ல, லொறி ஏறி அல்ல, கொரோனாவிலும் அல்ல. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பயந்து பயந்தே படுக்கையில் நல்ல சாவை வாங்கிக்கொண்டார். இதிலும் அவர்தான் ஜெயித்தார் என்று ஊர் சொல்கிறது. நான் சொல்ல மாட்டேன்.

சாவு வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வீட்டு மாலை விழாமல் பெட்டியை எடுக்கக்கூடாது, அது முறை. பெட்டியை வாசலில்தான் வைத்திருந்தார்கள், ஆனால் நான் வாசலுக்குள் போகவில்லை. முன்பு சிவப்புத் துணியோடு கம்பு கட்டியிருந்த இடம் வரைக்கும் போய் மாலையோடு நின்றேன். பாக்கியம் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். பெரியவர்கள் வந்து பேசினார்கள். தப்புச் சத்தம் நின்றது. நான் நகரவில்லை. பிடிவாதம் அவர் வீட்டுக்கு மட்டும் சொந்தமா?

சுகந்தி எழுந்தாள். கூரை இறப்பில் செருகியிருந்த தொரட்டியை உருவிக்கொண்டு வந்தாள். என் எதிரே நீட்டினாள்.

"உள்ள வர வேணாம்ப்பா. இதுல போடுங்க."

வாங்கினேன். வேறு என்ன செய்வது? மாலையைக் கோத்து, கழியை நீட்டினேன். முதல் தடவை காற்று தள்ளிவிட்டது. இரண்டாவது தடவை அவர் நெஞ்சில் சரியாக விழுந்தது. அந்தத் தூரத்திலிருந்து அப்படி விழவைக்க இலங்கையில் இன்னொரு ஆள் இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தோட்டம் முழுக்க நின்று பார்த்தது, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. என் வீட்டுக் கல்யாணத்தில் அப்படிச் சிரித்தவர்கள்!

தொரட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் வீட்டில் யாரும் கேட்கவுமில்லை. இப்போது என் வீட்டுக் கூரை இறப்பில் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். போன கிழமை பின்பக்கத்து மரத்தில் பலாக்காய் பறிக்கலாம் என்று எடுத்தேன். நுனிக் கத்தியில் அந்த மஞ்சள் துணி அப்படியே இருக்கிறது. சுகந்தியின் கழுத்தில் கத்தி படக்கூடாது என்று கல்யாணத்துக்கு வாங்கிய புது வேட்டியைக் கரையோடு கிழித்து, மஞ்சளில் முக்கிச் சுற்றியிருக்கிறார், மேலே நூல் போட்டு இறுக்கி, முடிச்சு மேல் முடிச்சாக. அது இருக்கும்வரை காம்பு அறுபடாது, வழுக்கிக்கொண்டே போகிறது. நானும் கழற்றவில்லை. பலாக்காய் மரத்திலேயே பழுத்து விழுகிறது. ஒரு நல்ல தொரட்டியைக் கெடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் மச்சான்.