போட்டாச்சு

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் புதிதாக ஒரு லேப் திறந்திருக்கிறார்கள். போன வாரம் காலையில் வெறும் வயிற்றோடு அங்கே போய் உட்கார்ந்தேன். ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தடவினாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஊசி பயம் வரவில்லை, ரஹ்மத் நினைவு வந்தது. ஸ்பிரிட்டுக்கும் ரஹ்மத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் நேர்வழியில் போகிற ஆள் இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிட்டது. வயதுக்கேற்ற புத்தியோடு முதலில் சர்க்கரையைப் பார்த்திருக்க வேண்டும். நான் பெயரைப் பார்த்தேன். பெயர் என்ற இடத்தில் என் பெயர். நடுப்பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர். குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஒரு புள்ளி. வெறும் புள்ளிதான், வேறொன்றும் இல்லை.

இந்தப் பம்பாயில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கு மூன்று கட்டம். மராட்டிக்காரர்களுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் கச்சிதமாக உட்காரும். நமக்கு ஒரு பெயர், முன்னால் ஓர் இனிஷியல், அதோடு சரி. "சர்நேம்?" என்று கேட்டால் "இல்லை" என்போம். வீடு இல்லை என்று சொன்னவரைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்ப்பார்கள். அந்த மூன்றாவது கட்டம் ஒரு காலத்தில் என் வேலையையே விழுங்கப் பார்த்தது. அதனால் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் சிரித்துவிட்டேன்.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். படிப்பு முடிந்த கையோடு விக்ரோலியில் ஒரு லேபில் எனக்கு வேலை கிடைத்தது. வேலை என்றால் டிரயல்தான், பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள். ஆனாலும் கழுத்தில் தொங்கவிட ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஓர் அட்டையைப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். வண்டி நெரிசலில் அறுந்துவிடும் என்று பைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். எங்கள் சந்து முனைக்கு வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வேன். சந்து பார்க்க வேண்டாமா?

லேபில் ரத்தத்தை ஒரு கருவி வாங்கிக்கொண்டு, அதோடு வந்த புரோகிராமில் எண்களைக் காட்டும். ஆனால் கம்பெனிகளுக்கு அந்த எண்கள் அவரவர் ஷீட்டில், அவரவர் கட்டத்தில் வேண்டும். புரோகிராமுக்கும் ஷீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் தூது போவது எங்கள் வேலை. ஒருவர் திரையைப் பார்த்து வாசிக்க, பக்கத்தில் இன்னொருவர் கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும்.

முதலில் எனக்கு வாசித்தவர் திவாரி என்ற ஜோன்பூர்க்காரர். நல்ல மனுஷர், ஆனால் எண்ணெல்லாம் ஹிந்தியில். பம்பாயில் பிறந்தவளுக்கு ஹிந்தி எண் தெரியாதா என்பீர்கள். காய்கறிக் கடை வரைக்கும் தெரியும். ஐம்பத்தொன்பதுக்கு ஹிந்தியில் 'உன்சட்', அதாவது அறுபதுக்கு ஒன்று குறைவு. முனிசிபல் பள்ளியில் தமிழில் வாய்ப்பாடு சொன்ன என் காதில் அது முதல் நாள் "உன் சட்டை" என்றே விழுந்தது. குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது, அதுதான் இன்னும் மோசம். 'சட்' என்று காதில் விழுந்ததும் விரல் அறுபதுக்கு ஓடிவிடும். ஐம்பத்தொன்பது அறுபத்தொன்பதாகும். அறுபத்தொன்பதுக்கு 'உன்ஹத்தர்' என்பார், அதை எழுபத்தொன்பதாக்குவேன். யாரையும் கூசாமல் ஒரு படி உயர்த்திவிடுவேன்.

ரிப்போர்ட்டுகள் வெளியே போகும் முன் எங்கள் சூப்பர்வைசர் கதம் மேடம் பிடித்துவிட்டார். "உன்சட் ம்ஹணஜே ஏகோண்சாட்!" என்று அந்த எண்ணின் மராட்டிப் பெயரைச் சொல்லி விளக்கினார். அந்த ஏகோண்சாட்டும் எனக்கு உன்சட் மாதிரியேதான் இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு, "உங்க ஆளு ஒருத்தி இருக்கா, அவளோட உட்காரு" என்று ஹிந்தியில் சொல்லி என்னை ரஹ்மத் பக்கத்துக்கு மாற்றினார்.

ரஹ்மத்தும் தாராவிதான், டிரயல்தான். அவள் வாப்பாவுக்குக் கடையநல்லூர்ப் பூர்வீகம். ரெடிமேட் சட்டை தைக்கிற சிறிய பட்டறை வைத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் வார்த்தையாக அவள் சொன்னது:

"ஏட்டி, நாம தமிழ்லயே வாசிச்சுக்கிடுவோம். எவ வந்து கேக்கப் போறா?"

அன்றிலிருந்து விக்ரோலியில், நாள் முழுக்க ஸ்பிரிட் வாசனை அடிக்கிற எங்கள் லேப் ஹாலில் திருநெல்வேலி ஆரம்பித்துவிட்டது. "அஞ்சு, ஒம்போது" என்பாள். நான் அடித்துவிட்டு "போட்டாச்சு" என்பேன். அந்தச் சொல் வருகிறவரை அவள் விரல் அந்த வரியை விட்டு நகராது. சோம்பலில் ஒருநாள் "ம்" என்றேன்.

"ம்முன்னா என்னட்டி, மாடா நீ? வாயத் தொறந்து போட்டாச்சுன்னு சொல்லு. சொல்லாம அடிச்சா அது அடிச்சதே இல்ல."

ஷீட் முடிந்ததும் "சரி, ஷீட்ட மூடு" என்பாள். அவள் சொல்லாமல் நான் மூடியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவில் தேங்காய்ச் சோறு இருந்தால் கதம் மேடம் தானாக எங்கள் மேஜைப் பக்கம் ஃபைல் தேடி வருவார். அப்படி வந்தபோதுதான் ஒருநாள், "என்ன அது, நாள் பூரா போட்டாச்சு போட்டாச்சு?" என்று கேட்டார். "ஜாலா" என்றேன். முடிந்தது என்பதற்கு மராட்டியில் அதுதான். அவருக்கு எங்கள் 'போட்டாச்சு' பிடித்துப்போயிற்று.

தவறில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நாங்கள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை தன் ஆட்கள் அத்தனை பேரையும் பரிசோதனைக்கு அனுப்பியது. அவர்களுடைய ஷீட்டை அவர்கள் சொன்ன நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கதம் மேடம் எங்களைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார்: ஐரோலியில் இந்த வேலையைச் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது, உங்களால் முடியாவிட்டால் அவர்களிடம் கொடுத்துவிட்டு உங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிடலாம் என்று முதலாளி சொல்கிறார். என் கை தானாகக் கழுத்து அட்டைக்குப் போனது. சந்துக்குள் அது இல்லாமல் நுழைகிற ஒரு மாலையை நினைத்துப் பார்த்தேன்.

இங்கே மாட்டுங்கா மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரி நாட்களில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம், ஒரு பூக்கடைக்கு மாடியில், கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனேன். ஒருநாள் நல்ல மழை. சயான் ஸ்டேஷனில் தண்டவாளம் முங்கி வண்டிகள் நின்றுவிட்டன. வகுப்பு முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. சொல்லிக்கொடுப்பவருக்கும் பொழுது போக வேண்டுமே, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை எடுத்தார். ஷீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் அது வெளியிலிருக்கிற கோப்பைத் திறந்து, வரி வரியாகப் படித்து, கட்டங்களைத் தானே நிரப்பும் என்று காட்டினார். ஆக, எனக்கு ஸ்கிரிப்ட் வந்தது அறிவால் அல்ல, சயானில் தண்ணீர் நின்றதால்.

எங்கள் புரோகிராமிலும் எல்லா முடிவுகளையும் ஒரு கோப்பாக இறக்குகிற வசதி ஒரு மூலையில் இருந்தது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, பிறகு சர்க்கரை முதலான எண்கள், நடுநடுவே இடைவெளி. ஒவ்வொரு வரியையும் இடைவெளி கண்ட இடத்தில் வெட்டு, வெட்டிய துண்டுகளை வரிசையாகக் கட்டங்களில் போடு என்று எழுதினேன். ஓட்டினேன். கட்டங்கள் மளமளவென்று நிரம்பின. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பேய் அடிக்குதாட்டி?" என்றாள் ரஹ்மத். உடனே, "போட்டாச்சுன்னு யாரு சொன்னா? யாரும் சொல்லலையே. நா வாசிக்கேன், நீ பாத்துச் சொல்லு" என்று திரையில் விரலை வைத்தாள்.

ஷிண்டேக்களும் பாட்டீல்களும் சரியாக இருந்தார்கள். போட்டாச்சு, போட்டாச்சு என்று வந்தேன். "எம். செல்வராஜ்" என்றாள். மூன்று துண்டுப் பெயர் வரவேண்டிய இடத்தில் செல்வராஜிடம் இரண்டு துண்டுதான். எனவே அவருடைய வயது ஒரு கட்டம் முன்னேறி அவர் குடும்பப் பெயராகியிருந்தது. அவர் சர்க்கரை அவர் வயதாகியிருந்தது.

ரஹ்மத் எட்டிப் பார்த்தாள். "செல்வராஜுக்கு வயசு நூத்திப்பத்தாட்டி? அல்லா, ஆளு இன்னும் டூட்டிக்கு வாராரா?"

அவள் சிரித்தாள், எனக்கு அழுகை வந்தது. தேடிப் பார்த்தால் நம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரு கட்டம் சறுக்கியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க அந்த மூன்றாவது கட்டத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த நான் எழுதிய ஸ்கிரிப்ட், பெயர் என்றால் மூன்று துண்டு என்று நம்பிக்கொண்டிருந்தது. என் பெயரைக் கொடுத்திருந்தால் என்னையும் தள்ளிவிட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் விக்ரோலி பிளாட்பாரத்தில் வண்டிக்காக நின்றோம். அப்போதெல்லாம் ஒன்பது பெட்டி வண்டியும் உண்டு, பன்னிரண்டு பெட்டி வண்டியும் உண்டு. வால் பக்கத்து லேடீஸ் பெட்டிக்காக நான் பெட்டி நிற்கிற இடங்களை முன்னாலிருந்து முணுமுணுத்து எண்ணிக்கொண்டே பிளாட்பாரத்தில் நடந்தேன். ரஹ்மத் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முன்னாலருந்து எண்ணாதட்டி. வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். வாலுலருந்து எண்ணு, எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்."

வண்டி வந்தது. நான் ஏறவில்லை. அவள் ஏறிவிட்டு, நான் நிற்பதைப் பார்த்துக் கத்திக்கொண்டே இறங்கினாள். எனக்கு அவள் திட்டு காதில் ஏறவில்லை. பெயர் நீளும், குறையும். ஆனால் வரியின் வால் பக்கத்தில் இருக்கிற எண்கள் எல்லோருக்கும் ஒரே அளவுதானே! வாலிலிருந்து எண்ணி எண்களை முதலில் உட்காரவைத்துவிட்டால், மிச்சமிருப்பது எத்தனை துண்டாக இருந்தாலும் அது பெயர்தான்.

மறுநாள் காலையில் அப்படியே மாற்றினேன். இனிஷியல் என்பது அப்பாதானே, அதை நடுக் கட்டத்துக்கு அனுப்பினேன். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் தொழிற்சாலை ஷீட் ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடித்தது. ஒரு புள்ளியை வைத்தேன், அடங்கிவிட்டது. இப்படிப் புள்ளி வைத்த முதல் ஆள் நான்தான் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதைச் சொல்லாமலும் இருக்க மாட்டேன்.

"எல்லாம் முடிஞ்சா அது வாயத் தொறந்து சொல்லணும். இல்லேன்னா நா நம்பமாட்டேன்" என்று ரஹ்மத் ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்று, கடைசிக் கட்டம் நிரம்பியதும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி POTTACHU என்று காட்டும்படி எழுதினேன். பிறகு அவள் முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள், நான் பார்த்துப் பதில் சொன்னேன். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. "சரி, ஷீட்ட மூடு" என்றாள்.

சொன்ன நாளுக்கு முன்பே ஷீட் போய்ச் சேர்ந்தது. முதலாளி அறையை விட்டு வெளியே வந்து, "கிஸ்னே பனாயா?" என்று கேட்டார். யார் செய்தது என்ற கேள்விக்கு நான் ரஹ்மத்தைப் பார்த்தேன், ரஹ்மத் என்னைப் பார்த்தாள். "தோகிஹி" என்றார் கதம் மேடம். இரண்டு பேரும்தான். இரண்டு பேருக்கும் வேலை நிரந்தரமாயிற்று. அன்று சாயங்காலம் சயான் ஸ்டேஷனில் இறங்கியதுமே அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன், சந்து வரும்வரை பொறுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த லேபில் அந்த வேலைக்கே அதுதான் பெயர். "போட்டாச்சு ஜாலா கா?" என்று மராட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். முடிந்தது முடிந்ததா என்று அர்த்தம். எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. புதிதாகச் சேர்ந்த ரத்னகிரிக்காரர் ஒருவர் இந்தப் போட்டாச்சு எந்தக் கம்பெனி சாஃப்ட்வேர் என்று விசாரித்தார். "நம்ம கம்பெனிதான்" என்று ரஹ்மத் ஹிந்தியில் அமர்த்தலாகச் சொன்னாள்.

பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். ரஹ்மத் நிக்காஹ் முடிந்து தேவ்நாருக்குக் குடிபோனாள், இப்போது அங்கே ஒரு கிளினிக்கில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறாள். விக்ரோலி லேபை ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. கருவிகளே நேராகப் போனோடு பேசத் தொடங்கின. ஒருநாள் கதம் மேடம் போனில் கூப்பிட்டார்: "துஜா போட்டாச்சு ஆஜ் பந்த் கேலா." உன் போட்டாச்சுவை இன்றைக்கு நிறுத்திவிட்டார்கள் என்கிறார். யாரோ தவறிய செய்தியைச் சொல்வதுபோல் குரல். ஒன்பது பெட்டி வண்டியும் இப்போது ஓடக் காணோம்.

போன வாரம் வந்த ரிப்போர்ட்டை ரஹ்மத்துக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"ஏட்டி, நம்ம புள்ளி!" என்று கத்தினாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஆமா, சீனி எம்புட்டுன்னு பாத்தியா? வாசிக்கேன், கேளு. ஒண்ணு, ஒண்ணு, ஒம்போது."

சொல்லிவிட்டு நின்றாள். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை. பின்னணியில் அவள் வீட்டு மின்விசிறி கேட்டது. காத்துக்கொண்டிருக்கிறாள்.

"போட்டாச்சு" என்றேன்.

அடுத்த எண்ணுக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள். சாப்பாட்டு மேஜையில் என் விரல்கள் தாமாக அசைந்தன. ரிப்போர்ட்டின் கடைசி எண்ணுக்கும் பதில் சொன்னேன்.

"சரி, ஷீட்ட மூடு" என்றாள்.

மூடுவதற்கு என் முன்னால் ஷீட் எதுவும் இல்லை.