அரசியாக நின்ற அப்பா

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உங்களில் பலருக்கு, மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் நடக்கும் அன்னதானங்களில் சத்தம் போடாமல் கறி அள்ளிப் போட்ட மனிதராகத்தான் எங்கள் அப்பாவைத் தெரியும். அவருடைய மூத்த மகளாகிய நான் இன்னோர் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா மட்டக்களப்பு வாவிக்கரை ஊர் ஒன்றில் பிறந்தார். இளவயதில் கூத்தில் பெண் வேடம் கட்டியவர். அவர் ஆடினால் அயலூர்ச் சனமும் பாயோடு வந்து இடம் பிடிக்குமாம். கலியாணம் பேசியபோது, சேலை கட்டி ஆடுகிறவனுக்குத் தங்கச்சியைத் தரமாட்டேன் என்று அம்மாவின் தமையனார் ஒற்றைக்காலில் நின்றார். இனி வேடம் கட்டுவதில்லை என்று அப்பா அம்மாவிடம் வாக்குக் கொடுத்தார். பிறகு நாட்டில் சண்டை, இடப்பெயர்வு, கனடாவில் மொன்ட்ரியால், உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. வாக்கு மட்டும் அப்படியே இருந்தது. அவர் ஆடி அம்மா பார்த்ததே இல்லை.

ஊரில் சமாதானம் வந்துவிட்டதென்று நாங்கள் நம்பிய வருடங்களில், இங்குள்ள எங்கள் ஆட்கள் நானூறு வருடம் பழைய ஆங்கில நாடகம் ஒன்றைத் தமிழில் மேடையேற்ற முனைந்தார்கள். அதில் ஓர் அரசி கணவனைக் கொலைக்குத் தூண்டுவாள். பிறகு நித்திரையில் எழுந்து நடந்து, கையில் இல்லாத இரத்தத்தைக் கழுவிக்கொண்டேயிருப்பாள். அரசியாக நடிக்கவிருந்த பெண் பனியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். ஒத்திகைகளுக்குத் தேநீர் கொண்டுபோன அப்பாவுக்கோ வசனமெல்லாம் மனப்பாடம். நாடகத்தை இயக்கிய நேசன் மாமா, அப்பாவையே நடிக்கக் கேட்டு வீடு தேடி வந்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் பெண்கள் மேடையேறுவதில்லை, அரசியாக நடித்ததும் ஆண்பிள்ளைகள்தான் என்று அவர் சொன்னபோது அப்பா வாய்பிளந்து கேட்டார்.

"அங்கயுமா?" என்றார். ஆனாலும் மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்கு உள்ளூர நிம்மதிதான். அறுபது வயதில் மீசையை வழித்துச் சேலை கட்டினால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், அப்பாவின் மானம் கப்பலேறும் என்று பயந்தேன்.

அம்மா சமையலை விட்டுக் குசினியிலிருந்து வந்தார். "நீங்க கட்டுங்க. நான் ஒருக்காவாவது பாக்கணும்" என்று தன் கூறைச்சேலையை எடுத்துக் கொடுத்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. அரசி மேடைக்கு வந்தபோது சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை. கை கழுவும் கட்டத்தில் அப்பா விரலிடுக்கெல்லாம் தேய்த்தார், கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். எங்களுக்குச் சோறு போட்ட கை. அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. பிரெஞ்சு தவிர வேறொன்றும் பேசாத என் மகள் என் தோளோடு ஒட்டிக்கொண்டாள். ஐயோ, இத்தனை பெரிய கலைஞனோடா ஒரே வீட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்தோம் என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

மேடைக்குப் பின்னால் அம்மா அவருடைய முகப்பூச்சைத் துடைத்துவிட்டார். "இவ்வளவு காலமும் நான்தானே உங்கள மறிச்சு வச்சிருந்தன்" என்று அழுதார்.

"நீ முன்னுக்கு இருந்து பாத்தாய். அது காணும் புள்ள, வேற என்ன வேணும்" என்றார் அப்பா.

அதன்பின் அவர் மேடையேறவில்லை. நோய் விடவில்லை.

படுக்கையில் அவரைத் தூக்கிப் பிடித்தவர்களுக்கும், மொன்ட்ரியால்-நோர் பக்கமிருந்து கொட்டும் பனியில் கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று அந்த மண்டபத்தில் அமர்ந்து, சேலை கட்டி வந்த எங்கள் அப்பாவைப் பார்த்து ஒருவர்கூடச் சிரிக்காதிருந்த உங்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.